சாராயம் குடிக்கும் மாப்பிள்ளைக் கார்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் ஆத்தாவும் நார்த்தாமலைப் பக்கம் கல்லுடைத்து என்னை மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆக்கினார்கள். ஆகையால் ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த என்னை ஆத்தா நிறுத்தி, சட்டையைப் பிடித்து முகர்ந்து பார்த்து, "ஏங்க, கொஞ்சம் இங்கிட்டு வாங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டபோது நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றதில் ஆச்சரியம் இல்லை.

அப்பா வந்தார். என் முகத்துக்கு நேராக மூக்கைக் கொண்டுவந்தார்.

"ஊது."

ஊதினேன்.

"வாயில வரல. சட்டையில வருது. ஒம்மேல எவன் ஊத்துனான்?"

"காருக்கு ஊத்துனோம்ப்பா. கொஞ்சம் சிந்திருச்சு."

"காருக்கா?"

"எத்தனால்ப்பா. கரும்பு, சோளம், அரிசி இதுலேருந்து எடுக்குறது. பெட்ரோலுக்குப் பதிலா."

"அரிசியில எடுக்குறதுக்கு எங்க காலத்துல வேற பேரு இருந்துச்சு" என்றார் அப்பா.

ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள். "மனுசங்க குடிச்சுக் கெட்டது பத்தாதுன்னு காருக்கும் பழக்கிவிடுறானே! இதுக்குன்னு ஒரு படிப்பா?"

நான் பொறுமையாக விளக்கினேன். இன்ஜினின் அழுத்தம், ஆக்டேன் எண், காற்றும் எரிபொருளும் சேரும் விகிதம் என்று கல்லூரியில் தேர்வுக்கு எழுதியதைவிடத் தெளிவாகச் சொன்னேன். அப்பா முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, மிச்சம் வந்தா வெளிய ஊத்திரு. வீட்டுக்குக் கொண்டு வராத" என்றார். அவ்வளவுதான் அவருக்குப் புரிந்தது. அல்லது எல்லாமே புரிந்துவிட்டது.

நான் வேலை பார்த்தது குளத்தூரைத் தாண்டி ரோட்டோரம் இருக்கும் ஒரு ஒர்க்ஷாப்பில். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். வளைகுடாவில் வேகக் கார்களுக்கு வேலை செய்யும் கடையில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். இங்கே அவரிடம் வருவதெல்லாம் ஷேர் ஆட்டோவும், மாட்டுத் தீவன வேனும், ஆவூர்ப் பக்கத்து வாத்தியார்களின் சின்னக் கார்களும். அந்த வேலைகளை அவர் குறையில்லாமல் செய்வார். ஆனால் கண் மட்டும் ஷெட்டின் மூலையில் நிற்கும் ஒரு கறுப்புக் கார் மேலேயே இருக்கும்.

அது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ வைத்த ஜெர்மன் செடான். ஊர் திரும்பியதும் கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிச் சலித்ததை வாங்கி வந்தார். வந்த நாளிலிருந்து இன்னும் வேகம் வேண்டும் என்று அதை நோண்டினார். டர்போவின் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, நம் ஊர் வெயிலில் இன்ஜின் உள்ளே கல்லை உருட்டுவதுபோல் தட்ட ஆரம்பித்தது. அதற்கு மருந்தாகத்தான் எத்தனாலைப் பிடித்தார். கையில் சானிடைசர் ஊற்றினால் ஜில்லென்று இருக்கிறதே, அதே சமாச்சாரம். எத்தனால் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும். இன்ஜின் தட்டாது. அழுத்தத்தைத் தைரியமாகக் கூட்டலாம்.

ஆனால் அதற்காகக் காரின் வயிற்றையே மாற்ற வேண்டியிருந்தது. பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் அரித்துவிடும், ஆகவே குழாய்கள் புதிது. அதே ஓட்டத்துக்குப் பெட்ரோலைவிட அதிகம் ஊற்ற வேண்டும், ஆகவே பம்பும் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் பெரியது. "பெட்ரோலு பிரியாணி மாதிரி தம்பி, ஒரு தட்டு போதும். இது இட்லி. அடுக்கிக்கிட்டே இருக்கணும்" என்பார் பாய். கலவையில் எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று மோந்து பார்த்துச் சொல்ல ஒரு சென்சார். அது சொல்வதைக் கேட்டு எவ்வளவு ஊற்றுவது, எப்போது பற்ற வைப்பது என்று முடிவு செய்ய ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் நான்.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்துசேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அதுவரை கார் ஸ்டாண்டின் மேல் நின்றது. ஒர்க்ஷாப்புக்குப் பின்னால்தான் பாய் வீடு. பாயின் மனைவியை நான் அக்கா என்பேன். மத்தியானச் சோறு எனக்கு அவர் கையால்தான். அவர் காரின் போனட்டைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கூழ் வத்தல் காயப்போட்டிருந்தார். பாய் பதறினார்.

"ஏம்மா, பெயிண்டு என்னத்துக்கு ஆகும்?"

"இந்தக் காரு வாங்குனதுல இந்த வீட்டுக்கு வந்த ஒரே பிரயோசனம் இதான். கெடக்கட்டும்" என்றார் அக்கா.

அப்போதுதான் அக்காவின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்காவின் தாய்வீடு கோட்டைப்பட்டினம். கடற்கரை ஊர். அங்கே அப்பாவை அத்தா என்பார்கள்; பெரியப்பா பெரியத்தா, சித்தப்பா சின்னத்தா. மாப்பிள்ளையைப் பூ ஜோடித்த காரில் ஏற்றி, தப்ஸ் மேளம் அடித்து, பாட்டுப் பாடி, தெருத்தெருவாக ஊர்வலம் அழைத்துப் பள்ளிவாசலில் இறக்குவது அங்கே வழக்கம். அந்தக் கார் எது என்பதில் ஊருக்கே அக்கறை உண்டு.

அக்கா ஒரு மத்தியானம் ஒர்க்ஷாப்புக்கே வந்து சொன்னார். நான் காரின் அடியில் படுத்திருந்தேன். அவர் செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

"என் தம்பிக்கு இந்தக் காருதான் மாப்பிள்ளைக் காரு. ஊரெல்லாம் சொல்லிட்டேன். ஊர்வலத்துல ஒரு எடத்துல நின்னுச்சு, மறுநாளே இத வித்துட்டு, பிள்ளைங்க கால நீட்டி ஒக்கார்ற மாதிரி ஒரு வண்டி வாங்குறோம். அறந்தாங்கியில எங்க சின்னத்தா மகன் வாங்கிக்கிறேன்னுட்டாக."

"நிக்காது" என்றார் பாய்.

"நின்னா?"

"வித்துருவோம்."

செருப்பு திரும்பிப் போனது. பாய் குனிந்து காரின் அடியில் என்னைப் பார்த்தார். அவர் முகம் தலைகீழாகத் தெரிந்தது. "தம்பி, நிக்காதுல்ல?" என்றார்.

ஓட விட்டுப் பார்த்தோம். ஓடியது என்று சொன்னால் பொய். பறந்தது. பைபாஸில் பாய் ஒருமுறை மிதித்தபோது என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. எத்தனால் தனியாக விற்கும் பங்க் எங்கள் ஜில்லாவில் இல்லை. சென்னைப் பக்கம் போய்க் கேன்களில் பிடித்து வந்து, கொஞ்சம் பெட்ரோல் கலந்து வைத்திருந்தோம். ஒரே ஒரு குறை. கார் நின்றுகொண்டு உறுமும்போது புகைக்குழாயிலிருந்து வரும் வாடை. அதை நான் "எரியாத எத்தனாலின் மணம்" என்று சொல்வேன். மற்றவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பாய், அக்கா, நான் மூவரும் அந்தக் காரிலேயே கிளம்பினோம். பிள்ளைகள் முன்னாடியே பஸ்ஸில் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அறந்தாங்கிக்கு முன்னால் போலீஸ் சோதனை. கண்ணாடியை இறக்கியதும் போலீஸ்காரர் மூக்கு துடித்தது. பாயின் தொப்பியைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், மறுபடி முகர்ந்தார்.

"என்ன பாய், நீங்களுமா?"

"அல்லாவே! நான் தொட்டதே கெடையாது சார்."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ஊதுங்க."

பாய் கருவியில் ஊதினார். ஒன்றும் காட்டவில்லை. போலீஸ்காரர் கருவியைத் தட்டிப் பார்த்து என்னிடம் நீட்டினார். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து ஊதிப் பழகியிருந்தேன். எனக்கும் ஒன்றும் காட்டவில்லை. அவர் பின் சீட்டை எட்டிப் பார்த்தார். அக்கா முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு அவரை முறைத்தார். கருவி அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு அவர் காரைச் சுற்றி மோப்பம் பிடித்துக்கொண்டே போய்ப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"காருதான்யா குடிச்சிருக்கு! இதுக்கு எந்தச் செக்ஷன்ல நான் கேஸ் போடுறது?"

ஊருக்குள் நுழைந்ததும் அக்கா முன் சீட்டுப் பக்கம் குனிந்தார். "எங்க அத்தா இந்தத் தெருவுல தலநிமிந்து நடந்தவுக. இந்த வாடையோட நான் எப்படிங்க எறங்குவேன்?" பாய் ஜன்னலைத் திறந்துவிட்டார். வாடை இன்னும் கூடியது.

மறுநாள் காலையில் நான் காரைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தார். குரலில் கோபம் இல்லை. "ஏன் தம்பி, அந்தத் தண்ணிய இதுல எங்கிட்டு ஊத்துவீங்க?" என்று கேட்டார். ஒருவர் அறிவு தாகத்தோடு கேட்டால் எனக்குச் சந்தோஷமாகிவிடும். டேங்க் மூடியைத் திறக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது, மூடியை எந்தப் பக்கம் திருக வேண்டும், இன்னும் எவ்வளவு பிடிக்கும் என்று எல்லாவற்றையும் செய்துகாட்டினேன். "படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளதான்" என்றார் அக்கா. அந்தப் பாராட்டில் நான் இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அப்புறம் பூக்காரரோடு மல்லுக்கட்டினேன். அவர் காரின் முன்பக்கம் முழுக்க ரோஜாவையும் சம்பங்கியையும் கட்டி ஒரு பந்தலே போட்டுவிட்டார்.

"அண்ணே, மூக்க மூடாதீங்கண்ணே. அங்கதான் காத்து உள்ள போகணும். சூடாகி நின்னுரும்."

"மாப்பிள்ளைக் காருன்னா மூஞ்சி நெறைய பூ வேணும். ஒங்க காருக்கு மூச்சுத் திணறுனா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

கடைசியில் நடுவில் ஒரு முழம் அகலத்துக்கு வழி விட்டார். அதைப் பார்த்துவிட்டு ஒரு சிறுமி, "காருக்கு முன்பல்லு இல்ல" என்றாள்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. பாய் ஓட்டினார். பின் சீட்டில் மாப்பிள்ளை, முகத்தை மறைக்கும் பூச்சரத்துக்குள். முன் சீட்டில் நான், மடியில் லேப்டாப், அதிலிருந்து காரின் கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர். போட்டோகிராபர் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "ப்ரோ, எல்லா போட்டோவிலயும் நீங்க ஆபீஸ் வேலை பாக்குற மாதிரியே இருக்கு. அத மூடுங்க." நான் மூடவில்லை. அந்தக் கல்யாண ஆல்பத்தை இன்று பார்த்தாலும் மாப்பிள்ளைக்குக் கல்யாணம், எனக்கு டெட்லைன்.

பைபாஸில் பறந்த கார், தப்ஸ் அடிப்பவர்களின் காலுக்குப் பின்னால் ஆமைபோல் ஊர்ந்தது. அவர்கள் ஒவ்வொரு முக்கிலும் நின்று சுற்றிவந்து அடித்தார்கள். டர்போ தூங்கியது. வாடை மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. அக்காவின் பெரியத்தா, பழுத்த கிழவர், காரின் பக்கத்திலேயே நடந்து வந்தவர், முதலில் தப்ஸ்காரர்களை முகர்ந்தார். அவர்கள் போட்டோகிராபரைப் பார்த்தார்கள். போட்டோகிராபர் என்னைப் பார்த்தார். ஊர்வலமே ஒருவரையொருவர் மூக்கால் விசாரித்துக்கொண்டு நடந்தது.

"எவன்டா அது, கல்யாணத்துல வந்து?" என்றார் பெரியத்தா.

பாய் வேறு வழியில்லாமல் கண்ணாடியை இறக்கினார். "பெரியத்தா, ஆளுங்க இல்ல. காரு. அது குடிக்கிறதே அதான்."

கிழவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார். "காரு தானே. அது என்ன தொழுகைக்கா வரப்போவுது? வாசல்ல நிப்பாட்டு" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு உயிர் வந்தது.

காரின் மறுபக்கம் இன்னொருவர் நடந்து வந்தார். அறந்தாங்கிச் சின்னத்தா மகன். காரை வாங்கப் போகிறவர். கதவைத் தடவினார். டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். கார் ஒருமுறை குலுங்கினால்கூட அவர் முகம் மலர்ந்தது. பின்னால் வேனில் பெண்களோடு வந்த அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மீன் கடைத் தெரு முக்கில் கார் முதல்முறை இருமியது. நான் திரையைப் பார்த்தேன். கலவையில் எத்தனால் எவ்வளவு என்று காட்ட வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை. எரிபொருள் அசுத்தம் என்று ஒரு எச்சரிக்கை மின்னிக்கொண்டிருந்தது. சென்சார் தனக்குத் தெரியாத எதையோ முகர்ந்திருக்கிறது.

"பாய், டேங்க்குல எதுவோ கலந்திருக்கு."

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

கார் இரண்டாவது முறை இருமியது. சின்னத்தா மகன் பையிலிருந்து போனை எடுத்தார். பாயின் நெற்றியிலிருந்து வேர்வை ஸ்டியரிங்கில் சொட்டியது. "தம்பி, இது போச்சுன்னா நான் இனிமே மாட்டுத் தீவன வேன்தான்டா" என்று முனகினார். பின்னாலிருந்து பூச்சரத்துக்குள்ளிருந்த மாப்பிள்ளை, "மச்சான், நான் எறங்கி நடந்துக்கிறேனே" என்றான்.

"நீ ஒக்காரு!" என்று நானும் பாயும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

யோசித்தேன். சென்சார் குழம்பிவிட்டதால் கம்ப்யூட்டர் பயந்துபோய், டேங்க்கில் இருப்பது வெறும் பெட்ரோல் என்று எண்ணிக் குறைவாக ஊற்றுகிறது. இட்லியை ஒரே ஒரு தட்டு வைத்தால் வயிறு எப்படி நிறையும்? அதனால்தான் இருமல். சென்சாரை அணைத்தேன். எத்தனால் இவ்வளவு இருக்கிறது என்று நானாக ஒரு அளவைப் போட்டு, கம்ப்யூட்டருக்கு அதையே நம்பச் சொன்னேன். கார் ஒரு நொடி தயங்கியது. பிறகு ஒரே சீராக உறுமியது. பாய் அழுதுவிடுவார்போல் இருந்தது. சின்னத்தா மகன் போனைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

பள்ளிவாசல் வாசலில் மாப்பிள்ளை இறங்கும்வரை கார் நிற்கவில்லை. நாங்களாக நிறுத்தினோம்.

அங்கே இன்னொரு களேபரம். வருகிறவர்கள்மேல் தெளிக்கப் பன்னீர்ச் செம்பை எடுத்தால் அதில் ஒரு சொட்டு இல்லை. பெரியத்தா கத்தினார். "பெட்டியோட வாங்கிவச்ச பன்னீரு எங்கடா? பாட்டிலு அத்தனையும் காலியாக் கெடக்கு! கல்யாணத்துக்கு வந்தவன் பன்னீரையா குடிப்பான்?"

நான் மெதுவாகக் காரிடம் போனேன். டேங்க் மூடியைத் திருகித் திறந்தேன். குனிந்து முகர்ந்தேன். சாராயக் கடைக்குள் யாரோ ரோஜாத் தோட்டம் போட்டதுபோல் இருந்தது.

பெட்ரோலாக இருந்திருந்தால் பன்னீர் அடியில் போய்த் தங்கியிருக்கும், பம்பு தண்ணீரை உறிஞ்சி கார் முதல் தெருவிலேயே படுத்திருக்கும். பன்னீர் என்பது ரோஜா வாசம் உள்ள தண்ணீர்தானே. எத்தனால் தண்ணீரோடு சண்டை போடாது. ஓரளவுக்கு உள்ளே வாங்கிக் கரைத்துக்கொண்டு எரியும். சென்சாருக்கு மட்டும்தான் தலை சுற்றியது. புகையில் பன்னீர் மணந்ததாகச் சிலர் பிற்பாடு சத்தியம் செய்தார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அக்கா வேனிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். மூடி என் கையில் இருந்தது.

"அக்கா, நிக்கட்டும்னு ஊத்துனீங்களா, மணக்கட்டும்னு ஊத்துனீங்களா?"

அவர் கொஞ்சம்கூடக் கூசவில்லை. "ரெண்டுல எது நடந்தாலும் எனக்கு நல்லதுதானே தம்பி" என்றார். "மணந்திருந்தா மானம் தப்பும். நின்னிருந்தா புது வண்டி. அது ரெண்டையும் செய்யாம ஓடுச்சு பாருங்க, அதான் எனக்கு ஆச்சரியம்."

"பாய்க்குச் சொல்லணுமே அக்கா."

"நானே சொல்றேன்."

சொன்னார். விருந்து முடிந்து ஆட்கள் கலைந்தபின், சின்னத்தா மகன் பாயிடம் வந்து, "அப்ப வண்டி?" என்று இழுத்தபோது, அக்கா குறுக்கே புகுந்தார். "விக்கிறதா இல்ல அண்ணே. ஒரு பெட்டிப் பன்னீரக் குடிச்சும் நிக்காத வண்டிய யாராவது விப்பாங்களா?" பாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அக்காவை ஒருமுறை பார்த்தார், காரை ஒருமுறை பார்த்தார். கோபப்படுவதா, கார் பிழைத்ததற்குச் சந்தோஷப்படுவதா என்று அவர் முகம் தீர்மானிப்பதற்குள் அக்கா கையை நீட்டினார்.

"சாவிய குடுங்க."

"எதுக்கு?"

"ஓட்டக் கத்துக்கப் போறேன். விக்காம வச்சிருக்கிற வண்டி வீட்டுக்குப் பயன்படணும்ல? பிள்ளைங்கள ஸ்கூல்ல விடணும், எங்கம்மாவப் பாக்க வரணும். ஒவ்வொரு தடவையும் ஒங்களக் கெஞ்சிக்கிட்டு இருக்க முடியாது."

கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினாலே யாரையும் ஒருநாள் முழுக்க முறைப்பவர் பாய். கிளட்சு தேயும், கியர் நொறுங்கும், டர்போ புது ஆளுக்கு அடங்காது என்று அடுக்கினார். அக்கா கையை மடக்கவில்லை. "அப்ப வித்துருவோம். அண்ணே, கொஞ்சம் நில்லுங்க" என்றார். சின்னத்தா மகன் நின்றார். பாய் சாவியைக் கொடுத்தார்.

டேங்க்கைக் காலி செய்து, சென்சாரைச் சரிபார்த்து, லைசென்சுக்கு எல்.எல்.ஆர். எடுத்த கையோடு, எங்கள் ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாயில் அக்காவின் பாடம் ஆரம்பமானது. பக்கத்துச் சீட்டில் இருக்கப் பாய்க்கு நெஞ்சு தாங்கவில்லை. கண்மாய்க் கரையில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். லைசென்சு உள்ளவன் என்பதால் அந்த இடம் எனக்கு. கிளம்புவதற்கு முன் பாய் என் காதில், "அழுத்தத்த சுத்தமா கொறைச்சிரு தம்பி. ஸ்கூட்டி மாதிரி ஆக்கிரு" என்று கெஞ்சினார். குறைத்துவிட்டேன்.

அக்கா இரண்டு முறை காரை அணைத்தார். மூன்றாவது முறை கார் முன்னால் துள்ளி ஓடியது. வெடித்த களிமண்ணில் ஒரு பெரிய வட்டம் அடித்தோம். ஆடுகள் ஒதுங்கின. அக்கா செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு வெறுங்காலால் மிதித்தார்.

"தம்பி, அன்னைக்கு நம்ம ரோட்டுல இவுக மிதிச்சப்ப வீட்டுக்குள்ள சட்டி பானையெல்லாம் அதிர்ந்துச்சே. இப்ப ஏன் இப்படிச் சவசவன்னு போவுது?"

நான் லேப்டாப் பையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

"கொறைச்சிட்டீங்களா?"

"பாய் சொன்னாக அக்கா."

"கூட்டுங்க."

சம்பளம் தருகிறவர் கரையில் நின்றார். சோறு போடுகிறவர் பக்கத்தில் இருந்தார். ஆட்களும் இல்லை, சுவரும் இல்லை, கண்மாய் அகலமானது என்று நான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். லேப்டாப்பைத் திறந்தேன். பாய் அதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு கரையிலிருந்து இறங்கி ஓடிவர ஆரம்பித்தார். அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே முதல் கியரைப் போட்டார்.